தளத்தைப் பிடிக்காத கொட்டகை காற்றோடு போகும்

கேள்வி: 'தானே' புயலில் எங்கள் ஆட்டுக் கொட்டகை கூரையோடு கிளம்பிப் பக்கத்து முந்திரிக் கொல்லையில் போய் விழுந்தது. அதற்குப் பிறகு கீற்றுச் சார்ப்பிலேயே ஆடுகளைக் கட்டி வருகிறோம். இப்போது 20 அடி நீளம், 12 அடி அகலத்தில் சிமென்ட் தளம் போட்டுவிட்டோம். சொந்தப் பலாமரத்தில் அறுத்த சட்டங்களும் பலகைகளும் இருக்கின்றன. சட்டம் கட்டிப் பலகை அடித்து, மேலே தகரம் போடலாம் என்று திட்டம். சட்டத்தைத் தளத்தோடு எப்படிப் பொருத்துவது? கான்கிரீட் ஆணி அடித்தால் போதும் என்கிறார் வேலைக்கு வந்தவர். போதுமா?
- வாசகி, வடக்குத்து, கடலூர் மாவட்டம்.

போதாது. கான்கிரீட் ஆணி சட்டத்தை இடம் நகராமல் வைத்திருக்கும். மேலே எழும்பாமல் வைத்திருக்காது. புயல் காற்று கொட்டகைக்குச் செய்யும் முதல் கெடுதலே அதை மேலே தூக்குவதுதான்.

வடக்குத்து கடற்கரை ஊர் அல்ல. நெய்வேலி நகரியத்தை ஒட்டி, குறிஞ்சிப்பாடி வட்டத்துச் செம்மண் மேட்டில் இருக்கிறது. ஆனாலும் 2011 டிசம்பர் 30-ம் தேதி காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய 'தானே' இந்தப் பக்கத்தையும் பண்ருட்டிப் பக்கத்தையும் என்ன செய்தது என்பதை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கரையைக் கடக்கும்போது காற்றின் வேகம் மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர். ஆள் கட்டிப்பிடிக்க முடியாத பலாவும், முப்பது நாற்பது வருட முந்திரியும் வேரோடு சாய்ந்தன. அந்தக் காற்றில் நாலு மூங்கிலும் தகரமும் நிற்கவில்லை என்பதில் ஆச்சரியம் இல்லை. அடுத்து கட்டுவது நிற்குமா என்பதுதான் கேள்வி. பதில் தளமும் சட்டமும் சேரும் அந்த ஓர் அடி உயரத்துக்குள் இருக்கிறது.

முன்னோர் கட்டிய வீடுகளில் மரத்தூணை ஒரு கல்லின் மேல் சும்மா நிறுத்தியிருப்பார்கள். பெரும்பாலும் போல்ட்டும் கிடையாது, பட்டையும் கிடையாது. அப்படியும் நூறு வருடம் நின்ற வீடுகள் உண்டு. 'அவங்க என்ன போல்ட்டா போட்டாங்க?' என்று கேட்பவர்கள் கூரையை அண்ணாந்து பார்க்க மறந்துவிடுகிறார்கள். சீமை ஓடு வேய்ந்த கூரை ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 40 கிலோ கனம். நாட்டு ஓடு அதைவிட அதிகம். அந்தக் கனம்தான் தூணைக் கல்லோடு அழுத்திப் பிடித்தது. கீற்றுக் கூரை லேசானதுதான், ஆனால் அதற்குள் காற்று புகுந்து வெளியே போய்விடும். மிஞ்சிப்போனால் கீற்று பிய்ந்து பறக்கும், கால்கள் நிற்கும். அரை மில்லிமீட்டர் தகரம் சதுர மீட்டருக்கு நாலரை, ஐந்து கிலோதான். அதற்குள் காற்றும் புகாது. ஓட்டை எடுத்துவிட்டுத் தகரம் போட்டபோது கொட்டகையைக் கீழே பிடித்திருந்த கனத்தையும் சேர்த்தே எடுத்துவிட்டோம் என்று யாரும் யோசிக்கவில்லை. நிழலுக்கு நிழலும் ஆச்சு, செலவும் குறைந்தது. காற்றடிக்கிற நாளில் அது பட்டமாகிவிடுகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். மணிக்கு 140 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 90 கிலோ அளவுக்கு அழுத்தம் கொடுக்கும். வாசகியின் கொட்டகைக் கூரை 240 சதுர அடி, அதாவது 22 சதுர மீட்டர். மேலே உறிஞ்சும் காற்றும் உள்ளே புகுந்து தள்ளும் காற்றும் சேர்ந்தால் கூரையைத் தூக்கும் விசை இரண்டு டன்னைத் தொடும், சில சமயம் தாண்டும். அந்தத் தகரத்தின் மொத்த எடை நூறு கிலோ. சட்டம், பலகை எல்லாம் சேர்த்தாலும் இரண்டு டன் வராது. மிச்சத்தைத் தளம்தான் பிடித்தாக வேண்டும். இது போக, 20 அடி நீளம், 7 அடி உயரச் சுவரைப் பக்கவாட்டில் தள்ளும் விசை ஒரு டன்னுக்கு மேல். அதில் பாதி கீழ்ச்சட்டத்துக்கு வரும்.

இந்த இரண்டு வேலையையும் ஒரே ஆணியிடம் ஒப்படைக்கக் கூடாது. தூக்குவதைக் கால்கள் பிடிக்கட்டும், தள்ளுவதைக் கீழ்ச்சட்டம் பிடிக்கட்டும்.

முதலில் தளத்தின் கனம்

வாசகி தளம் எத்தனை அங்குலம் என்று எழுதவில்லை. ஆட்டுக் கொட்டகைக்கு என்று போடும் தளம் பெரும்பாலும் செங்கல் ஜல்லியின் மேல் மூன்று அங்குலம், தாராளமாகப் போட்டால் நான்கு. கம்பி இருக்காது. ஓரமாக ஒரு துளை போட்டுப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். ஹேமர் டிரில் சிமென்ட்டில் இறங்கும்போது வரும் வெள்ளைத் தூள், ஜல்லியைத் தொட்டதும் சிவப்பாக மாறும். அந்த இடத்தில் பிட்டை அளந்தால் அதுதான் கனம்.

கடையில் விற்கும் விரியும் போல்ட், அதாவது நட்டை முறுக்க முறுக்க உள்ளே சிறகு விரித்துப் பிடிக்கும் ஆங்கர் போல்ட், நல்ல கான்கிரீட்டில் நல்ல சாமான்தான். 12 மில்லிமீட்டர் போல்ட், ஆசாரிகள் கணக்கில் நாலு நூல், மூன்று அங்குலம் இறங்கினால் சில நூறு கிலோ இழுவையைத் தாங்கும். ஆனால் அது மூன்று அங்குலம் இறங்கத் தளம் குறைந்தது ஐந்து அங்குலமாவது இருக்க வேண்டும். ஓரத்திலிருந்தும் ஐந்து அங்குலம் உள்ளே தள்ளியிருக்க வேண்டும். விரியும் போல்ட் பக்கவாட்டில் நெரித்துத்தான் பிடிக்கிறது, ஓரத்துக்கு அருகில் வைத்தால் காற்று வருவதற்கு முன்பே முறுக்கும்போதே விளிம்பு தெறித்துவிடும். சுவர்க்காலோ தளத்தின் விளிம்பில்தான் நிற்கப்போகிறது. கம்பியில்லாத மூன்று அங்குலத் தளத்தின் ஓரத்தில் எந்தப் போல்ட் போட்டாலும், போல்ட் கழன்று வராது. தளத்தின் ஓரத்தையே ஒரு துண்டாகப் பெயர்த்துக்கொண்டு வரும்.

தளம் இன்னும் போடாதவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு வேலை சுலபம். சுற்றிலும் ஓரத்தை மட்டும் ஒன்பது அங்குல அகலம், ஓர் அடி ஆழத்துக்குத் தடிப்பாக்கி, மேலே இரண்டு கீழே இரண்டு என்று 8 மில்லிமீட்டர் கம்பி ஓடவிட்டு, ஈரக் கான்கிரீட்டிலேயே போல்ட்டை நட்டுவிடலாம். தளத்துக்கு அடியில் கனமான பாலிதீன் விரிப்பையும் மறக்கக் கூடாது. தளம் போட்டுவிட்டு நிற்கும் வாசகிக்குத்தான் கொஞ்சம் கொத்து வேலை இருக்கிறது.

எட்டுக் குழி

நீளப் பக்கம் ஒவ்வொன்றிலும் நான்கு கால் என்று எட்டுக் கால் வைத்தால் கால்களுக்கு இடையே ஆறரை அடி வரும். ஒவ்வொரு கால் நிற்கும் இடத்திலும் தளத்தைக் கட்டிங் மெஷினில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி சதுரமாக அறுத்து எடுத்துவிட்டு, இரண்டடி ஆழம் குழி தோண்ட வேண்டும். கடப்பாரையால் இடித்து எடுத்தால் பக்கத்துத் தளமும் விரியும். அறுப்பதுதான் சரி. குழியில் நான்கு 10 மில்லிமீட்டர் கம்பியைக் கட்டி இறக்கி, 1:2:4 கலவையில் கான்கிரீட் கொட்டி, தளத்துக்கு மேல் அரை அடி எழும்பும்படி கட்டையாக நிறுத்த வேண்டும். ஒரு குழியின் கான்கிரீட் மட்டும் 300 கிலோ. எட்டுக்கும் 2,400 கிலோ. தூக்கும் விசை இரண்டு டன் என்று மேலே போட்ட கணக்குக்கு எதிராக வைக்க இதுதான் கனம். முழு வேலைக்கும் ஆறேழு மூட்டை சிமென்ட் போகும். இந்தச் செலவு கொட்டகைச் செலவோடு பார்த்தால் பெரிதல்ல. ஒரு முறை கூரை போய்விட்டு ஆடும் செத்தால் ஆகும் செலவோடு பார்த்தால் ஒன்றுமே அல்ல.

மரக்காலைக் கான்கிரீட்டுக்குள் புதைக்கலாமே என்று தோன்றும். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். மரமும் கான்கிரீட்டும் சேரும் விளிம்பில் ஒரு மயிரிழை இடைவெளி விழும், அதில் மழைநீர் இறங்கி வெளியே வர வழியில்லாமல் நிற்கும். மேலே பார்க்கக் கால் வைரமாக இருக்கும், உள்ளே மாவாகியிருக்கும். அதனால் மரத்துக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் இரும்பு வர வேண்டும்.

வெல்டிங் பட்டறையில் சொன்னால் செய்து கொடுப்பார்கள். இரண்டு அங்குல அகலம், 6 மில்லிமீட்டர் கனமுள்ள பட்டை இரண்டு. கான்கிரீட்டுக்குள் ஓர் அடி, மேலே ஒன்பது அங்குலம் நீளம். உள்ளே போகும் நுனியை வெளிப்பக்கம் மடித்துவிட வேண்டும். இரண்டு பட்டைக்கும் நடுவே நாலுக்கு நாலு சட்டம் உட்காரும் இடைவெளி. கான்கிரீட்டுக்கு மேல் ஓர் அங்குல உயரத்தில் ஒரு சிறு தகடு குறுக்கே பற்றவைத்தால் கால் அதன் மேல் உட்காரும், அடியில் காற்றாடும், தண்ணீர் நிற்காது. பட்டைகளையும் மரத்தையும் சேர்த்துத் துளைத்து 12 மில்லிமீட்டர் போல்ட் இரண்டு. முதல் போல்ட் மரத்தின் அடி நுனியிலிருந்து மூன்றரை அங்குலமாவது மேலே இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் தூக்கும்போது மரம் நுனிவரை பிளந்துவிடும். இரண்டாவது அதற்கு மேல் மூன்று அங்குலம் தள்ளி. துத்தநாக முலாம் பூசி வாங்க முடிந்தால் நல்லது, இல்லையென்றால் ரெட் ஆக்சைடு இரண்டு கை, அதன் மேல் எனாமல். ஆட்டு மூத்திரம் இரும்பை எவ்வளவு வேகமாகத் தின்னும் என்பது பழைய தண்ணீர்த் தொட்டிக் கம்பியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எட்டுக் கட்டையும் ஒரே நேரில், ஒரே மட்டத்தில் நிற்கவேண்டும் என்பதைக் கொத்தனாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கட்டடக் கொத்தனாருக்கு அரை அங்குலம் பெரிதல்ல, பூசி மறைத்துவிடுவார். ஆசாரிக்கு அரை அங்குலம் என்றால் சட்டம் சேராது. நூல் கட்டி, மூலைக்கு மூலை குறுக்கே அளந்து, இரண்டு குறுக்களவும் ஒன்றாக வந்த பிறகே கான்கிரீட் கொட்ட வேண்டும். கொட்டிய பிறகு பத்து நாளாவது சாக்கு போட்டு நனைத்து வைக்க வேண்டும்.

கீழ்ச்சட்டமும் திண்டும்

கால்களுக்கு நடுவே ஓடும் கீழ்ச்சட்டத்தை நேராகத் தளத்தின் மேல் படுக்க வைத்தால் இரண்டு மழைக்காலம் தாங்கினால் அதிகம். தினமும் கழுவும் தண்ணீர், மூத்திரம், தளத்திலிருந்து மேலேறும் ஈரம் எல்லாம் முதலில் அதைத்தான் சேரும். அதனால் அரை அடி உயரத்துக்கு ஒரு கான்கிரீட் திண்டு எழுப்பி அதன் மேல் சட்டத்தை வைக்க வேண்டும். பழைய தளத்தைக் கொத்திவிட்டு, இரண்டடிக்கு ஒன்று 8 மில்லிமீட்டர் கம்பி இறக்கி, சிமென்ட் பால் ஊற்றிய பிறகு திண்டு போட்டால் இரண்டும் ஒட்டும்.

நெய்வேலிப் பக்கம் சாம்பல் செங்கல் சுலபமாகக் கிடைக்கும் என்பதால் திண்டைச் செங்கல்லில் கட்டிவிடலாம் என்று தோன்றும். கட்டலாம், ஆனால் விரியும் போல்ட்டைச் செங்கல்லில் போடக் கூடாது. நெரிக்கும்போதே கல் பிளக்கும். செங்கல் திண்டுதான் என்றால் போல்ட் செங்கல்லைத் தாண்டித் தளத்துக் கான்கிரீட்டுக்குள் இறங்கியிருக்க வேண்டும். மூன்று அங்குலத் தளத்தில் அதற்கும் இடமில்லை. ஆகவே வாசகிக்குக் கான்கிரீட் திண்டே சரி.

திண்டுக்குள் 'ஜெ' போல வளைந்த 12 மில்லிமீட்டர் போல்ட்டை ஈரத்திலேயே நடலாம். அமெரிக்காவில் வீடுகளே மரச்சட்டத்தில்தான் கட்டுகிறார்கள். அங்குள்ள கட்டட விதிப்படி அரை அங்குல போல்ட் கான்கிரீட்டுக்குள் ஏழு அங்குலமாவது இறங்க வேண்டும், ஒரு போல்ட்டுக்கும் அடுத்ததற்கும் ஆறடிக்கு மேல் போகக் கூடாது, ஒவ்வொரு சட்டத் துண்டிலும் இரண்டு போல்ட்டாவது இருக்க வேண்டும், துண்டின் நுனியிலிருந்து ஓர் அடிக்குள் ஒன்று வந்தாக வேண்டும். புயல் வரும் ஊர்களில் இன்னும் நெருக்கம். கடலூர் மாவட்டத்துக்கு ஆறடியை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், நாலடிக்கு ஒன்று வைக்கலாம். வாசகியின் ஆறரை அடி இடைவெளிக்கு, கால் ஓரத்திலிருந்து அரை அடியில் ஒன்று, நடுவில் ஒன்று, மறு ஓரத்தில் ஒன்று என்று மூன்று. அரை அடித் திண்டும் மூன்று அங்குலத் தளமும் சேர்ந்து ஒன்பது அங்குலம் என்பதால், தளத்தில் சின்னதாகக் கொத்தி இறக்கினால் ஏழு அங்குலம் தாராளமாகக் கிடைக்கும். வாசலுக்கு விடும் இடத்தில் கீழ்ச்சட்டம் அறுபடும். அங்கே இரண்டு பக்கமும் போல்ட் கட்டாயம்.

போல்ட்டின் மரை பகுதியில் பழைய துணியைச் சுற்றிக் கட்டிவிட்டுத்தான் கான்கிரீட் கொட்ட வேண்டும். மூன்று அங்குலச் சட்டம் என்றால் திண்டுக்கு மேல் நாலு அங்குலம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் வாஷர், நட்டு போக இரண்டு மரை மிஞ்சும். வாஷர் விஷயத்தில் கஞ்சம் பிடிக்கக் கூடாது. போல்ட்டோடு வரும் எட்டணா அளவு வாஷர் மரத்துக்குள் அமுங்கிவிடும். மூன்று அங்குலச் சதுரத் தகட்டில் ஓட்டை போட்டு வைத்தால் அது சட்டத்தை முழுதாக அழுத்திப் பிடிக்கும்.

சட்டத்துக்கும் திண்டுக்கும் நடுவே தார் ஷீட் ஒரு பட்டை விரிக்க வேண்டும். பழைய கன்வேயர் பெல்ட் துண்டு கிடைத்தால் இன்னும் நல்லது.

நடுவில் அறுந்தால்

கீழே இவ்வளவு செய்துவிட்டு, காலுக்கும் மேல்சட்டத்துக்கும் நாலு அங்குல ஆணி இரண்டு மட்டும் அடித்தால் எல்லாம் வீண். தகரத்திலிருந்து வாரிக்கு, வாரியிலிருந்து மேல்சட்டத்துக்கு, மேல்சட்டத்திலிருந்து காலுக்கு, காலிலிருந்து பட்டைக்கு என்று காற்றின் இழுவை இறங்கி வருகிறது. எங்கே பிடி தளர்ந்ததோ அங்கே பிரியும். அதிலும் மரத்தின் நுனிவாட்டில் அடித்த ஆணிக்குப் பிடியே கிடையாது. காலின் உச்சியில் மேலிருந்து இறக்கிய ஆணி அந்த ரகம்தான். மேல்சட்டத்தின் மேலே சுற்றிக் காலின் இரு பக்கமும் ஓர் அடி இறங்கும்படி இரும்புப் பட்டையை மடித்து, பக்கத்துக்கு நாலு ஆணி என்று அடிக்க வேண்டும். வாரியும் மேல்சட்டமும் சேரும் இடத்திலும் அப்படியே. ஜி.ஐ. கம்பியை முறுக்கிக் கட்டுவது ஒன்றும் இல்லாததற்குப் பரவாயில்லை. தகரத்தை ஆணியால் அடிக்காமல் ரப்பர் வாஷருள்ள திருகால் பிடிக்க வேண்டும். ஓரத்து வரிசைகளில் திருகு இரட்டிப்பாக இருக்கட்டும். காற்று முதலில் ஓரத்தைத்தான் நெம்பும்.

நாலு மூலையிலும் குறுக்குச் சட்டம் சாய்வாக வர வேண்டும். போல்ட் அடியைப் பிடிக்கும், சட்டம் சாய்ந்து போவதை அது தடுக்காது.

இந்த ஊர்க் காற்றுக்குத் திசை பார்த்து ஒரு பக்கத்தை மட்டும் மூடிப் பயனில்லை. புயல் வடக்கே கரையேறினால் காற்று வடமேற்கிலிருந்து தொடங்கி மேற்கு, தென்மேற்கு என்று திரும்பும். தெற்கே கரையேறினால் வடகிழக்கிலிருந்து தொடங்கி கிழக்கு, தென்கிழக்கு. ஒரு பக்கம் திறந்து மூன்று பக்கம் மூடிய கொட்டகைக்குள் காற்று புகுந்தால் வெளியே போக வழியில்லாமல் கூரையை உப்ப வைக்கும். நீளப் பக்கம் இரண்டிலும் மேலே சம அளவுக்குக் காற்றுவழி விட்டால் ஆட்டுக்கும் மூச்சு முட்டாது, கூரைக்கும் பாரம் குறையும்.

பலா, கரையான், ஆட்டின் வாய்

பலாமரம் இருப்பது வாசகியின் அதிர்ஷ்டம். மஞ்சளாக இருக்கும் நடு வைரத்தைக் கரையான் சுலபத்தில் தொடாது. வெளிறிய ஓரப் பகுதி அப்படியல்ல, அதைக் கீழ்ச்சட்டத்துக்கும் காலுக்கும் போடக் கூடாது. பலகைக்குப் போகட்டும். சவுக்கு இந்த மாவட்டத்தில் நிறையக் கிடைத்தாலும் மண்ணுக்கு அருகே நிற்காது, வாரிக்கு வைத்துக்கொள்ளலாம். அறுத்த சட்டம் நன்றாகக் காய்ந்ததா என்பதும் முக்கியம். பச்சையாகப் பூட்டினால் காயும்போது சுருங்கி நட்டு தளர்ந்து நிற்கும்.

செம்மண் நிலத்துக் கரையான் தளத்தின் விரிசல் வழியாக ஏறும். திண்டு வைத்ததில் இன்னொரு லாபம் இங்கேதான்: அது ஏற வேண்டுமானால் திண்டின் மேல் மண்புற்றுக் கோடு போட்டே ஏற வேண்டும், கண்ணில் படும். பட்டவுடன் சுரண்டிவிட்டு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம்.

மரத்துக்கு மருந்து பூசும்போதுதான் பலர் தவறுகிறார்கள். ஆடு நக்கும், கடிக்கும், சொறிந்துகொள்ளும். தாமிரம், குரோமியம், ஆர்செனிக் கலந்த மரக்காப்பு மருந்து ஏற்றிய சட்டம் ஆட்டின் வாய் எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. செம்மறிக்குத் தாமிரம் கொஞ்சம் கூடினாலும் ஆகாது. வண்டியிலிருந்து வடித்த கழிவு ஆயிலும் அப்படியே. அதில் உலோகத் தூள் எல்லாம் இருக்கிறது. முந்திரிக் கொட்டைத் தோட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய் படகு மரத்துக்குப் பூசும் பழைய மருந்து. பண்ருட்டிப் பக்கத்தில் அது கிடைப்பதில் கஷ்டமில்லை. அறுத்த நுனிகளிலும், போல்ட் துளைக்குள்ளும், வெளிப்பக்கத்திலும் பூசலாம். கையில் பட்டால் கொப்புளிக்கும், உறை போட்டுக்கொண்டு பூச வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகே ஆட்டை உள்ளே விட வேண்டும். உள்பக்கத்துக்கு ஆளிவிதை எண்ணெய் போதும்.

கொட்டகை எழும்பிய முதல் வருடம் கோடை கழிந்ததும் எல்லா நட்டையும் ஒரு சுற்று முறுக்க வேண்டும். பிறகு வருடா வருடம் புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஒரு தடவை. ஸ்பேனர் எடுத்துக்கொண்டு அரை நாள் வேலை.

கேள்வி: 'கஜா'வில் விழுந்த தென்னைகளை அறுத்துக் காயவைத்த சட்டங்கள் இருக்கின்றன. சிமென்ட் தளத்தின் மேல் தேங்காய்க் கிடங்குக்குச் சுவர் எழுப்ப அவை ஆகுமா?
- வாசகர், பேராவூரணி.

சட்டத்தின் நுனியைப் பார்த்தால் பதில் தெரியும். கறுப்பு நரம்புகள் நெருக்கமாக இருந்தால் அது மரத்தின் வெளிச்சுற்று, கால் போடலாம். நரம்பு பரவலாக, பஞ்சு போல இருந்தால் நடுப்பகுதி. அதில் போல்ட் பிடிக்காது, முறுக்க முறுக்க வாஷர் உள்ளே இறங்கிக்கொண்டே போகும். தென்னை மரம் வெளிச்சுற்றாகவே இருந்தாலும் ஈரத்தில் நிற்காது. ஆகவே இரும்புப் பட்டையில் ஓர் அங்குலம் தூக்கி நிறுத்துவது பலாவைவிடத் தென்னைக்கு இன்னும் அவசியம். கீழ்ச்சட்டத்துக்கு மட்டும் வேறு மரம் வாங்கிக்கொள்வது நல்லது. வேம்போ பூவரசோ உள்ளூரிலேயே கிடைக்கும். ஆணி அடிப்பதாக இருந்தால் வெளிச்சுற்றில் முதலில் சிறு துளை போட்டுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஆணி வளையும்.

கேள்வி: ஐந்து அங்குலத் தளத்தில் ஆங்கர் போல்ட்டுக்குத் துளை போட்டோம். இரண்டு இடத்தில் முறுக்கும்போது ஓரம் தெறித்துவிட்டது. மறுபடி எங்கே போடுவது?
- வாசகர், நெல்லிக்குப்பம்.

தெறித்த துளையில் மறுபடி போடக் கூடாது. அதிலிருந்து அரை அடியாவது தள்ளி, ஓரத்திலிருந்து இன்னும் உள்ளே, புதுத் துளை. உள்ளே தள்ள இடமில்லை என்றால் விரியும் போல்ட்டை விட்டுவிட்டு, துளைக்குள் பசை செலுத்தி மரைக்கம்பியை ஒட்டும் கெமிக்கல் ஆங்கருக்குப் போகலாம். அது பக்கவாட்டில் நெரிக்காது என்பதால் ஓரத்தில் கொஞ்சம் தாராளம் உண்டு. ஆனால் துளையைச் சுத்தம் செய்வதில்தான் அதன் பிடி இருக்கிறது. ஊதி, பிரஷ் விட்டுத் தேய்த்து, மறுபடி ஊத வேண்டும். தூள் மிஞ்சினால் பசை தூளைப் பிடிக்கும், கான்கிரீட்டைப் பிடிக்காது. குழாயில் எழுதியிருக்கும் நேரம் முடியும்வரை நட்டில் கை வைக்க வேண்டாம். தளம் போட்டு 28 நாள் ஆகாமல் துளை போட்டிருந்தால், முதலில் தெறித்ததற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம்.